சைகை வார்டர் வாய் திறந்த கதை

என் அக்காவைக் கட்டியவர் பத்தொன்பது வருஷம் ஜெயிலில் இருந்தவர். பதற வேண்டாம், சம்பளத்துக்குத்தான். தனிக்கொட்டடிப் பிளாக்கின் வார்டர். அவருடைய வாழ்க்கையை எழுதித் தரச் சொல்லி யாரும் என்னைக் கேட்கவில்லை. ஆனாலும் எழுதுகிறேன். ஆளாளுக்கு ஒரு மாதிரி இந்தக் கதையைச் சொல்லித் திரிகிறார்கள், அதில் பாதி பொய். மீதியை அத்தானே மிகைப்படுத்துகிறார்.

என் தொழில் மைக் செட் வாடகை. திறப்பு விழா, கூட்டம், கல்யாணம் என்று ஊரில் யாருக்குப் பேச ஆசை வந்தாலும் என் கடைக்குத்தான் வர வேண்டும். அப்படிப்பட்ட என் வீட்டிலேயே பேச ஆசையே இல்லாத ஒரு மனுஷன் இருந்தார். வீடு என்றால் இரண்டு அறை, ஒரு சமையல்கட்டு. அதில் அக்கா, அத்தான், அவர்களுடைய மூன்று பிள்ளைகள், நான், என் மனைவி, என் இரட்டைப் பெண்கள், காது மந்தமான என் அப்பா. பத்துப் பேர். அப்பாவுக்குக் கேட்க வேண்டுமென்றால் கத்த வேண்டும். அப்பா பதிலுக்குக் கத்துவார். நடுவில் நான் பழுது பார்த்த ஆம்பிளிபயரைச் சோதிக்க "ஹலோ, ஹலோ, மைக் டெஸ்ட்டிங்" என்பேன். அத்தான் ஒரு வார்த்தை சொல்லமாட்டார். சட்டையை மாட்டிக்கொண்டு, வேலைக்கு ஒரு மணி நேரம் முன்னதாகவே கிளம்பிவிடுவார். கடமை உணர்ச்சி என்று நாங்கள் பெருமைப்பட்டுக்கொண்டிருந்தோம். எங்களுக்கு அவ்வளவுதான் புத்தி.

ஜெயிலின் கடைசி மூலையில் இருந்தது அந்தப் பிளாக். ஒரு நீள நடை, வரிசையாக ஆறு கொட்டடிகள், வார்டருக்கு ஒரு மர நாற்காலி. ஒவ்வொரு கதவிலும் முழங்கால் உயரத்தில் தட்டு நுழையும் அளவுக்கு ஒரு சந்து. கண்ணுக்கு நேரே பார்வைத் துளை ஒன்றும் உண்டு. போன தடவை பெயிண்ட் அடிக்க வந்த காண்டிராக்டர் அதையும் சேர்த்து அடித்துவிட்டுப் போனதால், அதன் வழியாக யாரும் யாரையும் பார்க்க முடியாது. சுவரில் ஒரு போர்டு: "வார்டர் கைதியிடம் பேசக் கூடாது. ஒருவர் பேசினால் மற்றவர் பதில் சொல்லக் கூடாது."

அத்தானுக்கு அந்தப் போர்டு பிடித்துப்போயிற்று. கைதியிடம் பேசக் கூடாது என்றுதான் போட்டிருந்தது. அவர் அதை வாசல் காவலரிடம் பேசாமல் இருக்கவும், ஆபீஸ் குமாஸ்தாவிடம் பேசாமல் இருக்கவும், கடைசியில் சூப்பிரண்டிடமே பேசாமல் இருக்கவும் சாக்காக வைத்துக்கொண்டார். ஒரு விரலைக் காட்டினால் தண்ணீர். இரண்டு விரல் என்றால் நடக்கும் நேரம். உள்ளங்கையைக் காட்டினால் பொறு. ஜெயிலில் அவருக்குச் சைகை வார்டர் என்றே பெயர் விழுந்துவிட்டது. பத்தொன்பது வருஷத்தில் அங்கே ஒருவர்கூட அவர் குரலைக் கேட்டதில்லை. எப்போதாவது ஒரு கனைப்பு, அவ்வளவுதான். லீவும் எடுத்ததில்லை.

கடைசி மூன்று வருஷம் அந்தப் பிளாக்கில் ஒரே ஒரு கைதிதான். நாலாம் நம்பர் கொட்டடி. வெளியில் இருந்தபோது சுவர் விளம்பரம் எழுதியவர், அதனால் எல்லோருக்கும் பெயிண்டர். அடிதடி வழக்கில் உள்ளே வந்து பொதுக் கொட்டடியில் சிவனே என்று இருந்தார். ஒரு நாள் காலையில் சூப்பிரண்டு கைதிகளை எண்ணினார். நானூற்றுப் பன்னிரண்டு வந்தது. சந்தேகப்பட்டு மறுபடி எண்ணினார், நானூற்றுப் பதினொன்று. மூன்றாவது முறை நானூற்றுப் பதின்மூன்று. பெயிண்டர் சிரித்துவிட்டார். எண்ணிக்கையின்போது சிரித்த குற்றத்துக்குப் பதினான்கு நாள் தனிமை.

பதினான்கு நாள் முடிந்தால் வார்டர் ஒரு படிவம் நிரப்ப வேண்டும். முதல் கேள்வி: கைதி அமைதியாக இருக்கிறாரா? ஆம் என்றால், "தனிமை பயன் தருகிறது, தொடரலாம்" என்று பக்கத்திலேயே அச்சடித்திருக்கும். இல்லை என்றால், "தனிமை இன்னும் பயன் தரவில்லை, தொடரலாம்." இந்தப் படிவத்தைத் தயாரித்த புண்ணியவானை நான் நேரில் பார்க்க வேண்டும். ஆனால் அடியில், பொடி எழுத்தில் ஒரு வரி இருந்தது. "வார்டர் கருத்து: போதும் / போதாது." இரண்டில் வேண்டாததைக் கோடு போட்டு அடித்துவிட வேண்டும். வார்டர் போதும் என்றால் மறுநாளே ஆள் பொதுக் கொட்டடிக்குப் போய்விடலாம். மேலே என்ன எழுதியிருந்தாலும் செல்லும்.

அத்தான் ஒவ்வொரு தடவையும் "போதும்" என்பதை அடித்தார்.

ஏன் என்று கேட்பீர்கள். பெயிண்டர் மேல் அவருக்கு எந்தக் கோபமும் கிடையாது. இருந்த ஒரே கைதியும் போய்விட்டால் பிளாக்கை மூடிவிடுவார்கள். வார்டரைப் பார்வையாளர் கூடத்துக்கு மாற்றிவிடுவார்கள். அங்கே கம்பி வலைக்கு இந்தப் பக்கம் நூறு பேர், அந்தப் பக்கம் நூறு பேர், எல்லோரும் ஒரே நேரத்தில் கத்துவார்கள். வீட்டில் நாங்கள் பத்துப் பேர், வேலையில் இருநூறு பேர் என்று அவர் கணக்குப் போட்டுப் பார்த்தார். அந்த மர நாற்காலியும் எட்டு மணி நேரத்து நிசப்தமும் இல்லாமல் தன்னால் உயிர் வாழ முடியாது என்று அவர் நம்பினார்.

கதவுக்கு அந்தப் பக்கம் நடந்தது வேறு. முதல் மாதங்களில் பெயிண்டர் பாடினார், மணி என்ன என்று கேட்டார், சாப்பாட்டுத் தட்டிடம் பேசினார். இரண்டாவது வருஷம் பேச்சு குறைந்தது. சுவரில் தலையை மெதுவாக, வலிக்காமல், மணிக்கணக்கில் தட்டிக்கொண்டிருந்தார். தினமும் பத்து நிமிஷம் அத்தான் கதவைத் திறந்து பின்முற்றத்தில் நடக்க விடுவார். அங்கே நடக்காமல் சுவரைப் பார்த்து நிற்க ஆரம்பித்தார். பிறகு வெளிச்சம் பட்டால் கையால் முகத்தை மூடிக்கொண்டார். மூன்றாம் வருஷம் தண்ணீர் என்ற சொல்லே வாயில் வராமல் ஒரு விரலைக் காட்டினார். அத்தானின் சைகையே அவருக்கும் ஒட்டிக்கொண்டுவிட்டது. இன்னும் கொஞ்ச நாள் போனால் இந்த ஆளை வெளியே விட்டும் பிரயோஜனம் இருக்காது என்று அத்தானுக்கு நன்றாகத் தெரிந்திருந்தது. தெரிந்தும், "அமைதியாக இருக்கிறார்" என்று எழுதினார். இதை அவர் சொல்லக் கேட்டபோது எனக்கு அவரை ஓங்கி ஓர் அறை விடலாம் போல் இருந்தது. அக்காவுக்காகச் சும்மா இருந்தேன்.

இப்படிப் போய்க்கொண்டிருந்தபோதுதான் மேலிடத்திலிருந்து ஒரு கடிதம் வந்தது. தனிமைச் சிறையின் நன்மைகளும் தீமைகளும் என்ற தலைப்பில் ஓர் அறிக்கை வேண்டும். இரண்டு பத்தி, பத்திக்குப் பத்துக் குறிப்பு, செவ்வாய்க்கிழமைக்குள். சூப்பிரண்டு கடிதத்தைப் படித்துவிட்டு நேரே அத்தானிடம் நீட்டினார்.

"பத்தொன்பது வருஷ அனுபவம் உனக்குத்தான்யா. நன்மை பத்து, தீமை பத்து. தீமையை ரொம்ப அழுத்திப் போட்டுடாதே. அதுக்காக விட்டுடவும் விட்டுடாதே, சந்தேகம் வரும்."

அத்தான் தலையாட்டினார். வியாழக்கிழமை மாலை வீட்டில் உட்கார்ந்து எழுதினார். என் பெண்கள் அவர் முதுகில் ஏறி விளையாட, அப்பா காரணமில்லாமல் கத்த, நன்மைகள் கடகடவென்று வந்தன. மனசு அடங்குகிறது. யாரும் எதையும் கேட்பதில்லை. சொன்னதையே திரும்பச் சொல்ல வேண்டியதில்லை. தூரத்தில் ஒரு குழாய் சொட்டுவதுகூடத் தெளிவாகக் கேட்கிறது. நான் எட்டிப் பார்த்துவிட்டு, "அத்தான், இது கைதிக்கு நன்மையா, உங்களுக்கு நன்மையா?" என்று கேட்டேன். அவர் உள்ளங்கையைக் காட்டினார். தீமைப் பத்தியில் ஒரு எழுத்தும் இல்லை.

வெள்ளிக்கிழமை மத்தியானம், எதையாவது எழுத வேண்டுமே என்று அளவெடுக்கப் போனார். பெயிண்டருக்குப் பக்கத்தில் ஐந்தாம் நம்பர் கொட்டடி காலியாக இருந்தது. அதன் நீள அகலம், காற்று வரும் துவாரம் இதையெல்லாம் குறித்துக்கொண்டால் ஒரு குறிப்பாவது தேறும் என்று டேப்போடு உள்ளே போனார். டேப்பின் ஒரு முனையைப் பிடிக்க ஆள் இல்லை. கதவு விளிம்பில் மாட்டிவிட்டு மறுகோடிவரை இழுத்தார். டேப் கதவை இழுத்தது. அந்தக் கதவுகள் சாத்தினால் தானே பூட்டிக்கொள்ளும், திறக்க வெளியிலிருந்துதான் முடியும். சாவி அவருடைய பையில் பத்திரமாக இருந்தது.

அத்தான் கதவை இரண்டு தடவை உள்ளிருந்து தள்ளிப் பார்த்தார். பிறகு பத்தொன்பது வருஷத்தில் முதல் தடவையாக அந்தப் பிளாக்கில் வாயைத் திறந்து, "யாராவது இருக்கீங்களா?" என்றார். பக்கத்தில் பெயிண்டர் இருந்தார். ஆனால் போர்டு போட்டிருக்கிறதே.

மாலையில் சாப்பாட்டு வண்டிக்காரர் வந்து நாலாம் நம்பர் சந்தில் தட்டைத் தள்ளினார். ஐந்தாம் நம்பரிலிருந்து ஒரு குரல், "அண்ணே, நான் வார்டர்! கதவு சாத்திக்கிச்சு!" என்றது. வண்டிக்காரர் அந்தக் குரலைத் தன் ஜென்மத்தில் கேட்டதில்லை. முன்பு இதே பிளாக்கில் ஒருவன் தன்னை மந்திரி என்று சொல்லியிருக்கிறான், இன்னொருவன் தன்னை டாக்டர் என்று சொல்லி வண்டிக்காரரின் மூட்டுவலிக்கு மருந்தே சொல்லியிருக்கிறான். அதனால் அவர் ஒன்றையும் காதில் போட்டுக்கொள்ளாமல், ஆனால் மனசு கேட்காமல், இன்னொரு தட்டு கொண்டுவந்து தள்ளினார்.

இரண்டு தட்டு போனது ஆபீஸ் குமாஸ்தாவின் கண்ணில் பட்டது. தட்டு இரண்டு என்றால் கைதி இரண்டு. ஆனால் ஏட்டில் ஒரு கைதிதான். ஏட்டில் இல்லாத கைதி உள்ளே இருப்பது தெரிந்தால் தன் வேலைக்கே உலை என்று பயந்து, குமாஸ்தா உடனே ஒரு கோப்பு திறந்தார். ஐந்தாம் எண் கைதி. குற்றம்: விசாரணையில்.

சனிக்கிழமை ஜெயிலரும் டாக்டரும் வந்து சந்துக்கு வெளியே குனிந்து நின்றார்கள்.

"நான்தான் சார் வார்டர்! பத்தொன்பது வருஷமா இங்கதான் வேலை பாக்கறேன்!"

"வார்டர் பேசமாட்டாரேப்பா," என்றார் ஜெயிலர்.

"பேசுவேன் சார். இதோ பேசறேனே!"

டாக்டர் வருத்தத்தோடு தலையசைத்து எழுதிக்கொண்டார். தனிமையில் இரண்டாம் நாளே தன்னை வார்டர் என்று நம்பத் தொடங்கிவிட்டார். "இவ்வளவு சீக்கிரம் நான் பார்த்ததில்ல," என்றார். அறிக்கையின் தீமைப் பத்திக்கு உதவுமே என்று அதில் ஒரு பிரதியும் எடுத்து வைத்தார்.

அத்தானுக்கு ஒரு யோசனை வந்தது. சாவியைச் சந்து வழியாக வெளியே தள்ளினார். "இந்தாங்க சார், பிளாக் சாவி. இப்பவாவது நம்பறீங்களா?"

ஜெயிலர் நான்கடி பின்னால் பாய்ந்தார். "கைதி கையில பிளாக் சாவி! பாத்தீங்களா டாக்டர்!" சாவியை ஒரு கவரில் போட்டு, அரக்கு வைத்து, விசாரணை முடியும்வரை யாரும் பிரிக்கக் கூடாது என்று எழுதி அலமாரியில் பூட்டினார்கள். சாவி வைத்திருந்த குற்றத்துக்குப் பதினான்கு நாள் சேர்ந்தது. வார்டரைக் கூப்பிட்டு இந்தப் புதுக் கைதியைக் கவனமாகப் பார்த்துக்கொள்ளச் சொல்ல வேண்டும் என்றார் ஜெயிலர். வார்டர் எங்கே என்று தேடினார்கள். ஏட்டில் வெள்ளிக்கிழமை உள்ளே வந்த கையெழுத்து இருந்தது, வெளியே போன கையெழுத்து இல்லை. அப்படியானால் வேலையில்தான் இருக்கிறார். இங்கேதான் எங்காவது சத்தம் போடாமல் இருப்பார் என்று முடிவுகட்டினார்கள்.

இதற்கெல்லாம் சிரிக்கிறவர்கள் கொஞ்சம் பொறுங்கள். எங்கள் வீட்டு லட்சணத்தையும் சொல்லிவிடுகிறேன். அவர் வரவில்லை என்று எங்களுக்கு ஞாயிற்றுக்கிழமைதான் தெரிந்தது. வெள்ளிக்கிழமை அவர் அடுத்த அறையில் இருக்கிறார் என்று அக்கா நினைத்தாள். இந்த அறையில் இருக்கிறார் என்று நான் நினைத்தேன். சனிக்கிழமை சீக்கிரமே வேலைக்குப் போய்விட்டார் என்று எல்லோரும் நினைத்தோம். ஞாயிறு காலையில் அவருடைய துவைத்த சட்டை மடித்தபடியே இருப்பதைப் பார்த்துவிட்டு அக்கா அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

"ரெண்டு நாள் ஆச்சுடா. பொண்டாட்டி எனக்கே தெரியலையே," என்றாள்.

எனக்கு அவமானமாக இருந்தது. இன்றும் இருக்கிறது.

திங்கட்கிழமை நானும் அக்காவும் ஜெயிலுக்குப் போனோம். குமாஸ்தா ஏட்டைத் திருப்பிக் காட்டினார். "பாருங்கம்மா, வேலையிலதான் இருக்கார். வீட்டுக்குக்கூடப் போகாம உழைக்கிறார். இந்தக் காலத்துல யாரு இருக்கா இப்படி?"

"ஒரு நிமிஷம் பாத்துட்டுப் போயிடறோம் சார்," என்றாள் அக்கா.

"அது தனிமைப் பிளாக். உள்ள யாரும் போகக் கூடாது. வேணும்னா சட்டையைக் குடுத்துட்டுப் போங்க."

சட்டையைக் கொடுத்துவிட்டு வந்தோம். அதைக் கொண்டுபோய் அந்த மர நாற்காலியின் முதுகில் மாட்டி வைத்தார்களாம்.

உள்ளே அத்தான் என்ன செய்தார் என்பதுதான் இந்தக் கதையில் முக்கியம். இரண்டு கொட்டடிகளுக்கும் நடுச்சுவரில், தரையோடு ஒரு தண்ணீர் போகும் துளை உண்டு. முதல் நாள் அவர் நாற்காலியில் உட்காருவதுபோல அமைதியாக உட்கார்ந்து பார்த்தார். நிசப்தம்தானே, நமக்குப் பிடித்ததுதானே என்று. சனிக்கிழமை மத்தியானத்துக்குள் அந்த நிசப்தம் அவர் கழுத்தைப் பிடித்தது. எழுந்து போக முடிந்தவனுக்குத்தான் அது நிசப்தம் என்று அப்போதுதான் உறைத்தது. தரையில் படுத்து, துளையில் வாயை வைத்துப் பேச ஆரம்பித்தார். வீட்டில் எல்லோரையும் பற்றி, என் ஆம்பிளிபயரைப் பற்றி, அக்காவைப் பெண் பார்க்கப் போனபோது சொல்ல நினைத்துச் சொல்லாமல் வந்ததைப் பற்றி. பத்தொன்பது வருஷத்துப் பேச்சு, தடுப்பார் இல்லாமல் கொட்டியது. அந்தப் பக்கத்திலிருந்து மூச்சுச் சத்தம் தவிர ஒன்றும் வரவில்லை.

திங்கட்கிழமை அவர் படிவத்தைப் பற்றிச் சொன்னார்.

"தம்பி, கேக்குதா? அதுல அடியில ஒரு வரி இருக்கு. போதும்னு விட்டிருந்தா நீ எப்பவோ வெளிய போயிருக்கலாம். நான்தான் ஒவ்வொரு தடவையும் அடிச்சேன். உம்மேல ஒண்ணும் இல்ல. எனக்கு உக்கார ஒரு இடம் வேணும்னு அடிச்சேன்."

மூச்சுச் சத்தம் நின்றது. பிறகு மறுபடி கேட்டது. அத்தான் தரையில் முகத்தை வைத்து அழுதார். அதையும் நிறுத்தாமல் பேசிக்கொண்டேதான் அழுதிருக்கிறார்.

செவ்வாய்க்கிழமை பெயிண்டரின் அந்தத் தடவைப் பதினான்கு நாள் முடிந்தது. படிவம் நிரப்ப வார்டர் இல்லை. விதிப்படி சூப்பிரண்டே நேரில் வந்து கைதியைக் கேட்டாக வேண்டும். மூன்று வருஷத்தில் முதல் தடவையாக அவர் நாலாம் நம்பர் சந்துக்கு முன்னால் குனிந்தார். ஜெயிலரும் டாக்டரும் குமாஸ்தாவும் பின்னால் நின்றார்கள்.

"ஏதாவது புகார் இருக்காப்பா?"

உள்ளே பாய் உரசும் சத்தம் கேட்டது. பிறகு, துருப்பிடித்த கீல் திறப்பதுபோல ஒரு குரல்.

"சத்தம்."

"என்ன சத்தம்?"

"பக்கத்துல. நாலு நாளா. தாங்கல. எடுத்துடுங்க."

"யாரு அது பக்கத்துல?"

"வார்டர்."

சூப்பிரண்டு திரும்பி ஜெயிலரைப் பார்த்தார். ஜெயிலர் டாக்டரைப் பார்த்தார். "உனக்கு எப்படித் தெரியும் வார்டர்னு?" என்றார் சூப்பிரண்டு.

"கனைப்பு," என்றார் பெயிண்டர். ஒவ்வொரு சொல்லையும் தேடிப் பிடித்துக்கொண்டு வந்தார். "மூணு வருஷம். அது மட்டும்தான். கேட்டேன்."

"முதல்லயே சொல்றதுக்கென்ன?"

"போர்டு."

பிளாக்கின் சரித்திரத்திலேயே வந்த முதல் புகார் என்பதால் உடனே நடவடிக்கை எடுத்தார்கள். அரக்கு கவரைப் பிரிக்கக் கூடாது என்று குமாஸ்தா வாதாடினார். சூப்பிரண்டு தானே பிரித்தார். ஐந்தாம் நம்பர் திறந்தது. நாலு நாள் தாடியோடு, அழுக்கு யூனிபார்மோடு, டேப்பைக் கையில் சுருட்டிப் பிடித்தபடி அத்தான் நின்றார்.

"நீயாய்யா!" என்றார் சூப்பிரண்டு. "பேசுவியாய்யா நீ?"

அத்தான் நேரே குமாஸ்தாவின் கையிலிருந்த படிவத்தைப் பிடுங்கி, சுவரில் வைத்து, "போதாது" என்பதை அடித்தார். பேனா காகிதத்தைக் கிழிக்கும் அளவுக்கு அடித்தார். பிறகு தன் பையிலிருந்த அறிக்கையை எடுத்து, எழுதியிருந்த நன்மைகளையெல்லாம் கோடு போட்டு அடித்துவிட்டு, பத்திக்கு ஒரு சொல் எழுதிக் கொடுத்தார். நன்மை: எனக்கு. தீமை: அவருக்கு.

"பத்துப் பத்து கேட்டாங்கய்யா," என்றார் சூப்பிரண்டு பரிதாபமாக.

நாலாம் நம்பரைத் திறந்தார்கள். பெயிண்டர் வரவில்லை. மூலையில் சுவரைப் பார்த்து நின்றுகொண்டு, கதவைச் சாத்தச் சொல்லிக் கையைக் காட்டினார். வெளியே வா என்று சூப்பிரண்டு மூன்று தடவை சொன்னார். அதிகாரியின் உத்தரவுக்குக் கீழ்ப்படியாதது குற்றம் என்றும், அதற்குத் தண்டனை பதினான்கு நாள் தனிமை என்றும் குமாஸ்தா நினைவூட்டினார். புதுப் படிவம் ஒன்றையும் தயாராக எடுத்தார்.

அப்போதுதான் அத்தான் வாழ்க்கையிலேயே முதல் தடவையாகச் சாமர்த்தியமான ஒரு காரியம் செய்தார். உள்ளே போய்ப் பெயிண்டரின் பாயில் சம்மணம் போட்டு உட்கார்ந்துகொண்டார்.

"இப்ப ரெண்டு பேர் இருக்கோம் சார். இது தனிமை இல்ல. கதவும் திறந்து கிடக்கு, இது சிறையும் இல்ல. படிவத்துல என்ன எழுதுவீங்க?"

குமாஸ்தா விதிப் புத்தகத்தை முன்னும் பின்னும் புரட்டினார். இரண்டு பேர் இருக்கும் தனிமைக்கு அதில் இடம் இல்லை. சூப்பிரண்டுக்குத் தலை சுற்றியது. என்னவோ செய்துகொள்ளுங்கள் என்று போய்விட்டார்.

அன்றிலிருந்து ஒன்பது நாள், தினமும் காலையில் போனதும் அத்தான் பெயிண்டரின் கொட்டடியில் உட்கார்ந்து பேசினார். மாலையில் கதவைப் பூட்டாமல் வெறுமனே சாத்திவிட்டு வருவார். பெயிண்டர் காதைப் பொத்திக்கொண்டார். போர்வைக்குள் புகுந்துகொண்டார். அத்தான் விடவில்லை. பேச்சை ரேஷனில் வாங்கி வந்தவர் மாதிரி, ஒரு நாள் பிள்ளைகள், ஒரு நாள் வாடகை வீடுகள், ஒரு நாள் முழுக்கப் பல்வலி. வீட்டுக்கு வந்தும் நிறுத்தவில்லை. அப்பாவுக்கே கேட்டது. நான் ஆம்பிளிபயரை அணைத்துவிட்டு, "அத்தான், கொஞ்சம் மூச்சு விடுங்க," என்று கெஞ்சும்படி ஆயிற்று.

"அவன் பைத்தியமாயிடுவான்டா, நீ இப்படிப் பேசினா," என்றேன் ஒரு நாள், கோபத்தில் மரியாதைகூட மறந்து.

"ஆகட்டும்," என்றார். "கோவம் வந்து ஆகட்டும். சும்மா இருந்து ஆகவேண்டாம்." உள்ளுக்குள் பயந்து செத்துக்கொண்டிருந்தார். இந்த ஆள் இனி வெளியே வரவே மாட்டாரோ என்ற நினைப்பில் சாப்பாடுகூட இறங்கவில்லை அவருக்கு.

பத்தாம் நாள் காலை, பல்வலியின் இரண்டாம் பாகத்தை அத்தான் தொடங்கினார். பெயிண்டர் போர்வையை வீசிவிட்டு எழுந்தார். அத்தானைத் தாண்டிக் கதவைத் தாண்டி, நடையில் சுவரைப் பிடித்துக்கொண்டு வேகவேகமாக நடந்தார். வெளியே போக வேண்டும் என்று அவர் போகவில்லை. என் அத்தானின் வாயிலிருந்து தப்பிக்கத்தான் போனார். அத்தான் பேசிக்கொண்டே பின்னால் ஓடினார். நடை முடிந்து, இரும்புக் கேட் முடிந்து, பெரிய முற்றம் வந்தது. நானூறு பேர் காலை எண்ணிக்கைக்கு நின்றிருந்தார்கள். வெயில் முகத்தில் அடித்தது. பெயிண்டர் கண்ணை மூடிக்கொண்டு அப்படியே நின்றுவிட்டார்.

அத்தானும் பேச்சை நிறுத்தினார்.

"எவ்வளவு நாள்?" என்றார் பெயிண்டர், கண்ணைத் திறக்காமல்.

அத்தான் சொன்னார். "எழுபத்தெட்டுப் பதினாலு. முதல் பதினாலு சூப்பிரண்டு போட்டது. மிச்சம் எழுபத்தேழும் நான் போட்டது."

பெயிண்டர் கையை நெற்றிக்குக் குடையாகப் பிடித்து, கண்ணைப் பாதி திறந்து, அத்தானின் முகத்தை மேலிருந்து கீழாகப் பார்த்தார். பிறகு திரும்பி, வரிசையின் கடைசியில் போய் நின்றுகொண்டார்.

பிளாக்கை மூடிவிட்டார்கள். அத்தான் இப்போது பார்வையாளர் கூடத்தில் இருக்கிறார். இருநூறு பேருக்கு நடுவில் நின்று பெயர் கூப்பிடுகிறார், தொண்டை கட்டிக்கொண்டு வீட்டுக்கு வருகிறார். பெயிண்டர் மெல்ல மெல்லத் தேறிவிட்டாராம். சமையல்காரர்களோடு பேசுகிறார், சாப்பாட்டு வண்டிக்காரரோடு பேசுகிறார், அவரைப் பார்க்க மாதம் ஒரு முறை வரும் தங்கையோடு அரை மணி நேரம் நிறுத்தாமல் பேசுகிறார். அத்தான் வலைக்குப் பக்கத்தில்தான் நிற்பார். அத்தானோடு மட்டும் அன்றைக்குப் பிறகு பெயிண்டர் ஒரு வார்த்தை பேசியதில்லை.

"அது நியாயம்தான்," என்கிறார் அத்தான். அதை மட்டும் மெதுவாகச் சொல்கிறார்.